இடுப்பில் எது? ரிவால்வரா, பிஸ்டலா?

அமெரிக்காவில் முதல்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்க ஒருவர் கடைக்குப் போகிறார். அவர் பெண்ணாகவோ வயதானவராகவோ இருந்துவிட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஒரு குட்டி ரிவால்வராகத்தான் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஐந்து தோட்டா கொள்ளும். எடை 400 கிராம் சொச்சம். எடுத்து விசையை இழுத்தால் போதும், வேறு எந்தத் தொல்லையும் கிடையாது என்று கூடவே ஒரு பரிந்துரையும் வரும். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி ஆபத்தானது. எளியது என்று சொல்லிக் கையில் தரப்படும் அந்தக் குட்டி ரிவால்வர், குறி தவறாமல் சுடுவதற்கு மிகக் கடினமான துப்பாக்கிகளில் ஒன்று.

சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது அமெரிக்காவில் என்றைக்கும் இருந்துவந்த வழக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியில்லை. கௌபாய் படங்களின் மாநிலமான டெக்சஸிலேயே 1995-ல்தான் அதற்கு உரிமம் தரும் சட்டம் நிறைவேறியது. தகுதியுள்ளவர் கேட்டால் மறுக்காமல் உரிமம் தர வேண்டும் என்று ஃபுளோரிடா 1987-ல் சட்டம் இயற்றிய பிறகுதான் மற்ற மாநிலங்களிலும் அலை கிளம்பியது. இன்று 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. வெளியே துப்பாக்கி எடுத்துச்செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் நூறாண்டுக்கு மேலாக வைத்திருந்த நிபந்தனையையும், 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்துவிட்டது.

உரிமம் வேண்டாம் என்றால் உரிமத்துக்கான பயிற்சி வகுப்பும் கட்டாயமில்லை. ஆகவே, கடைக்காரர் சொல்லும் அந்த இரண்டு வரிதான் பலருக்குக் கிடைக்கும் மொத்தப் பாடம். எதை வாங்குவது என்ற கேள்வியைத் துப்பாக்கிப் பிரியர்களின் வெட்டி விவாதமாக ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

விரலின் வலுவும் தோட்டாவின் வலுவும்

ரிவால்வரில் ஐந்தாறு தோட்டா, பிஸ்டலில் பத்துப் பதினைந்து என்ற எண்ணிக்கையிலிருந்துதான் இந்தப் பேச்சை எல்லோரும் தொடங்குகிறார்கள். எந்திரம் எதனால் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியின் வழி வந்தவைதான் இன்றைய ரிவால்வர்கள். இவற்றில் எல்லா வேலையையும் செய்வது சுடுபவரின் விரல். விசையை இழுக்கும்போது சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வருகிறது. சுத்தி பின்னால் போகிறது. இழுத்து முடிக்கும்போது சுத்தி விடுபட்டு அடிக்கிறது. இத்தனைக்கும் விரல் தர வேண்டிய வலு பத்திலிருந்து பன்னிரண்டு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5 கிலோ.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் முதல் தோட்டா வெடிக்கும் வேகமே அடுத்த தோட்டாவுக்கான வேலையைச் செய்துவிடுகிறது. வெடித்த வேகத்தில் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் பாய்ந்து காலி உறையை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது, தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினிலிருந்து புதிய தோட்டா, குழலின் பின்முனையான சேம்பருக்குள் ஏறிவிடுகிறது. விரல் செய்ய வேண்டியது தட்டிவிடும் வேலை மட்டும். க்ளாக் பிஸ்டலின் விசைக்கு ஐந்தரைப் பவுண்டு, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ போதும்.

ரிவால்வர்காரர்கள் பெருமையாகச் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. தோட்டா பழுதாகி வெடிக்காமல் போனால் ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மேகசினை அடியில் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டு, பழுதான தோட்டாவை வெளியேற்றிய பின்தான் சுட முடியும். மணிக்கட்டைத் தளரப் பிடித்தால் பிஸ்டலின் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்ளும். ரிவால்வருக்கு அந்தக் கவலை கிடையாது. தாக்குபவர் மேலேயே வந்து விழுந்து, பிஸ்டலின் முனை அவர் உடலில் அழுந்தினால் ஸ்லைடு சற்றே பின்னுக்குத் தள்ளப்படும், துப்பாக்கி வெடிக்காது. ரிவால்வர் வெடிக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1952-ல் கொண்டுவந்த சென்டெனியல் போன்ற, சுத்தி வெளியே தெரியாத குட்டி ரிவால்வரைக் கோட்டுப் பைக்குள் இருந்தபடியேகூடச் சுடலாம். மல்லுக்கட்டும் தூரத்தில் இவை சின்ன விஷயங்களில்லை.

இதன் மறுபக்கத்தைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 400 கிராம் எடையுள்ள ஒரு பொருளின் விசையை 5 கிலோ வலுவோடு இழுக்கும்போது அந்தப் பொருள் அசையாமல் இருக்குமா? முனை ஆடும். குழல் இரண்டு அங்குலம்கூட இருக்காது. குறிபார்க்க மேலே ஒரு சின்னப் பள்ளம், முன்னால் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். அலுமினியச் சட்டம் என்பதால் உதைப்பு முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். பயிற்சிக் களத்தில் ஒரு பெட்டித் தோட்டா தீர்வதற்குள் கை வலித்து, அடுத்த முறை போகவே மனம் வராமல் போய்விடும். பயிற்சி இல்லாதவர்களுக்கென்று பரிந்துரைக்கப்படும் துப்பாக்கி, பயிற்சியையே வெறுக்க வைக்கிறது.

ரிவால்வர் பழுதாகவே ஆகாது என்பதும் பழம்பெருமை. எடை குறைந்த ரிவால்வரில் உதைப்பின் வேகத்தில் மற்ற தோட்டாக்களின் முனை உறையை விட்டு முன்னால் நகர்ந்து, சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுப்பதுண்டு. காலி உறையைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் ஓர் உறை மாட்டிக்கொண்டால் விரலால் நெம்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பிஸ்டல் அடிக்கடி சிக்கலாம். ஆனால் பழகியவர் கைகளுக்கு இரண்டொரு நொடியில் சரியாகிவிடும். ரிவால்வர் அரிதாகச் சிக்கும். சிக்கினால் பெரும்பாலும் அந்தச் சண்டை முடியும்வரை அது வெறும் இரும்பு.

மியாமியில் ஒரு காலை

1986 ஏப்ரல் 11. வங்கிகளையும் பணம் ஏற்றிச்செல்லும் வண்டிகளையும் கொள்ளையடித்து வந்த இருவரை மியாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். சில நிமிடங்களே நீடித்த துப்பாக்கிச் சண்டையில் ஜெர்ரி டவ், பென் குரோகன் என்ற இரண்டு அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். ஐந்து பேர் காயமடைந்தார்கள். அமெரிக்கக் காவல்துறைகள் ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறிய கதையை யார் சொன்னாலும் இந்த நாளைத் தொடாமல் சொல்வதில்லை.

அன்று எதிரியிடம் இருந்தது செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். அதிகாரிகளில் பெரும்பாலோரிடம் ரிவால்வர். தோட்டா தீர்ந்து, ரிவால்வரைத் திறந்து மறுபடி நிரப்பிக்கொண்டிருந்த ஓர் அதிகாரியின் கையில் குண்டு பாய்ந்தது. இன்னொருவருக்கு ஏற்கெனவே கை சிதைந்துபோனதால் நிரப்பவே முடியவில்லை. அமைதியான பயிற்சிக் களத்தில் எளிதாகத் தெரியும் வேலை, ரத்தம் வழியும் கையோடு செய்யும்போது என்ன ஆகும் என்பதை அந்த நாள் காட்டியது.

ஆனால் இந்தக் கதையைப் பிஸ்டலின் வெற்றியாகச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். டவ்வின் கையில் இருந்தது 9 மி.மீ. பிஸ்டல். அவர் சுட்ட ஒரு தோட்டா எதிரியின் கைவழியாக மார்புக்குள் போய் இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. பிறகு எதிரியின் குண்டு பட்டு அந்தப் பிஸ்டலே செயலிழந்தது. கடைசியில் சண்டையை முடித்துவைத்தவர் எட்மண்டோ மிரெலஸ். ஒரு கை முற்றிலும் முடங்கிய நிலையில், மற்றொரு கையால் ஷாட்கன்னைச் சுட்டார். அது தீர்ந்ததும் கொள்ளையர்கள் இருந்த காரை நோக்கி நடந்துபோய், தன் ஆறு தோட்டா ரிவால்வரைச் சுட்டு முடித்தார்.

எஃப்.பி.ஐ. இதிலிருந்து தோட்டாவின் ஆற்றல் போதவில்லை என்ற பாடத்தையே முதலில் எடுத்துக்கொண்டது. 10 மி.மீ. தோட்டாவுக்குப் போய், அதன் உதைப்பு பலருக்கும் தாங்காததால் 1990-ல் அறிமுகமான .40 தோட்டாவுக்கு வந்து, தோட்டா தயாரிப்பு மேம்பட்ட பிறகு 2010-களின் நடுவில் மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பியது. முப்பது ஆண்டு அலைச்சலுக்குப் பின் அது வந்து சேர்ந்த இடம், அதிகாரிகள் அனைவராலும் நன்றாகச் சுட முடிகிற தோட்டா.

நியூயார்க் நகரக் காவல்துறை 1993-ல் பிஸ்டலை ஏற்றுக்கொண்டபோது வேறொரு அச்சம் இருந்தது. கனமான ரிவால்வர் விசைக்குப் பழகிய விரல்கள், இலகுவான விசையைத் தெரியாமல் தட்டிவிடுமோ என்ற அச்சம். அதற்காகவே 12 பவுண்டு விசை பொருத்திய பிஸ்டல்களைக் கேட்டு வாங்கினார்கள். பழைய ரிவால்வர்காரர்கள் சிலர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 2018-ல்தான் அவர்களும் கட்டாயமாக மாற்றப்பட்டார்கள்.

காவலருக்கு வேறு, நமக்கு வேறு

இந்த வரலாற்றை அப்படியே தனிமனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. காவலர் ஆபத்தைத் தேடிப் போகிறவர். வீட்டிலிருந்து கடைக்குப் போய் வருகிறவர் ஆபத்திலிருந்து விலகிப் போக வேண்டியவர். மூன்று கஜத் தூரம், மூன்று நொடி, மூன்று தோட்டா என்று பயிற்சியாளர்களிடையே பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. அது கணக்கெடுப்பின் முடிவில்லை, வாய்மொழியாக வந்தது. ஆனாலும் ஐந்து தோட்டா போதும் என்பவர்கள் அதைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள்.

அளவில் சிறியது வேண்டும் என்றால் தோட்டா எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நெடுங்காலம் உண்மையாக இருந்தது. கோல்ட் நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-ல் ஆறு தோட்டாவோடு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950-ல் ஐந்து தோட்டாவோடு வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கிய அந்தக் காலத்துப் பிஸ்டல்களின் தோட்டா வலுவற்றது, நம்பகமும் குறைவு. அதனால் மறைத்து வைக்க ரிவால்வர் என்பது அன்றைக்கு நியாயமான தேர்வு.

2018-ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 வந்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. ஏறக்குறைய 500 கிராம் எடையில், ஓர் அங்குலத் தடிமனில், 9 மி.மீ. தோட்டா பத்து மேகசினிலும் ஒன்று சேம்பரிலுமாகப் பதினொன்று. ஐந்து தோட்டா ரிவால்வரின் சிலிண்டரோ ஓர் அங்குலத்துக்கு மேல் புடைத்திருக்கும். அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனம் ஹெல்கேட்டை இறக்கியது. இன்று இடுப்பில் வைக்கும் துப்பாக்கியைப் பொறுத்தவரை, அளவு காரணமாக ரிவால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை போய்விட்டது. இந்தப் பிஸ்டல்களில் குழல் சற்று நீளம், விசை இலகு, மறுபடி நிரப்புவதும் விரைவு. ஜெர்ரி மிகுலெக் என்ற சாதனையாளர் 1999-ல் ரிவால்வரில் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட 2.99 நொடிதான் எடுத்துக்கொண்டார். அந்தக் கைகள் நமக்கு இல்லை.

ஆகவே என் முடிவு இது. மாதம் ஒருமுறையாவது பயிற்சிக் களத்துக்குப் போகிறவர், ஸ்லைடைத் தடையில்லாமல் இழுக்கும் வலு கையில் உள்ளவர், இடுப்பில் உறை கட்டி எடுத்துச்செல்கிறவர் என்றால் சிறிய 9 மி.மீ. பிஸ்டல்தான் சரி. இதில் எனக்குத் தயக்கமில்லை. மூட்டுவாதத்தால் ஸ்லைடை இழுக்க முடியாதவர்களுக்கு ரிவால்வர்தான் என்று சொல்வதில் மட்டும் தயங்குகிறேன். ஸ்லைடை இழுக்க முடியாத விரல்கள், அந்த 5 கிலோ விசையை மட்டும் ஐந்து முறை நேராக இழுத்துவிடுமா? அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் ஷீல்டு ஈஇசட் என்ற இலகுவான ஸ்லைடுள்ள பிஸ்டலைக் கொண்டுவந்தது. அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கோட்டுப் பைக்குள் வைத்தே பழகியவருக்கும், ஸ்லைடு எந்த வகையிலும் ஒத்துவராதவருக்கும் ரிவால்வர். அப்போதும் 400 கிராம் அலுமினியத்தை விட்டுவிட்டு, 550 கிராமுக்கு மேலுள்ள எஃகு ரிவால்வராக வாங்குங்கள். இடுப்பில் கனக்கும், கையில் உதைப்பு குறையும்.

எதுவானாலும் வாங்கும் முன் இரண்டையும் சுட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பயிற்சிக் களங்கள் பலவற்றில் வாடகைக்கே துப்பாக்கி கிடைக்கும்.

மேகசினைக் கழற்றிவிட்டால் போதுமா?

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இதுதான். பிஸ்டலின் மேகசினைக் கழற்றி எடுத்த பிறகும் சேம்பருக்குள் ஒரு தோட்டா இருக்க முடியும். பெரும்பாலான மாடல்களில் மேகசின் இல்லாமலேயே அந்தத் தோட்டா வெடிக்கும். மேகசினை மேசைமேல் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று நம்பி விசையைத் தட்டியவர்களால் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. ரிவால்வரில் சிலிண்டரை வெளியே தள்ளினால் ஐந்து துளையும் கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கி பழகாத குடும்பத்தினர் உள்ள வீட்டில், ரிவால்வருக்கு இருக்கும் மிகப் பெரிய நன்மையாக நான் இதைத்தான் கருதுகிறேன்.

தற்செயல் துப்பாக்கிச் சாவுகளை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1991-ல் ஆராய்ந்தது. குழந்தைகள் சுட முடியாதபடி ஒரு தடுப்பு, உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் ஓர் அடையாளம், இந்த இரண்டும் இருந்தாலே அந்தச் சாவுகளில் 31 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அது கண்டது. இப்போது பல பிஸ்டல்களில் அந்த அடையாளம் இருக்கிறது. அதை நம்பி நிற்காமல் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்து, சேம்பருக்குள் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினைக் கழற்றினால், மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா சேம்பருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும்.

விபத்து அதிகம் நேரும் இன்னொரு தருணம், துப்பாக்கியை மறுபடி உறைக்குள் செருகும் நேரம். சட்டை நுனியோ கயிறோ விசை வளையத்துக்குள் சிக்கினால் இரண்டரைக் கிலோ விசை உடனே விழுந்துவிடும். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை பிஸ்டலுக்குக் கட்டாயம். வெளியே சுத்தி உள்ள ரிவால்வரில், கட்டைவிரலைச் சுத்திமேல் வைத்தபடி செருகினால் அது நகர்வது தெரிந்துவிடும்.

கைப்பையில் வைப்பதை மட்டும் எந்தத் துப்பாக்கிக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலம் ஹேடன் ஊரின் வால்மார்ட் கடையில், 29 வயதுத் தாய் ஒருவரைச் சுட்டுக் கொன்றது அவருடைய இரண்டு வயது மகன். துப்பாக்கி இருந்தது, மறைத்து எடுத்துச்செல்வதற்கென்றே தைக்கப்பட்ட கைப்பையில். பையின் ஜிப்பும் மூடித்தான் இருந்தது. அவர் முறையான உரிமம் வைத்திருந்தவர்.

அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு

டல்லஸிலும் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள்ளும் இந்தப் பேச்சு நுழைந்துவிட்டது. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மாடல் பெயரை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாநில எல்லையைத் தாண்டினால் விதிகளும் மாறும். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கே தடை. அங்கே பிஸ்டலின் எண்ணிக்கைப் பெருமையும் பாதி கரைந்துவிடுகிறது.

இந்தியாவில் இந்தத் தேர்வே வேறு. சாதாரணக் குடிமகனுக்கு 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட காலிபர். உரிமம் கிடைப்பதே அரிது. கிடைத்தவர்கள் வாங்குவது பெரும்பாலும் .32 காலிபர். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு நெருக்கமான விலையில் வெளியிட்டது. எடை ஏறக்குறைய 500 கிராம். பெண்ணுக்குக் குட்டி ரிவால்வர் என்ற அதே பழைய பரிந்துரை, அரசு முத்திரையோடு.

கடைசியாக ஒரு கணக்கு. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர், அதாவது 58 சதவீதம், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இடுப்பிலிருந்து கழற்றிய துப்பாக்கி, இரவில் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். ரிவால்வரோ பிஸ்டலோ, வாங்கும் அதே நாளில், அதே பில்லில், விரல் அழுத்தத்தில் திறக்கும் பூட்டுப்பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் யாரேனும் மனம் உடைந்திருப்பது தெரிந்தால், அந்த வாரமே துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியேற்ற உங்கள் மாநிலச் சட்டம் என்ன வழி தருகிறது என்று கேட்டறிந்து அப்புறப்படுத்துங்கள். அமெரிக்காவில் எங்கிருந்தும், எந்த நேரத்திலும் 988 என்ற எண்ணை அழைத்தால் பேச ஆள் இருக்கிறார்கள்.